பெனிலோப்பி என்னும் பெயர்

பெயருக்குப் பொருள் கேட்பது மனித இயல்பு. குழந்தையைத் தொட்டிலில் இடும் நாளன்றே பெயரின் பொருளைக் கேட்டு மகிழ்கிறோம். பொருள் விளங்காத பெயரைக் கேட்டால் மனம் ஒரு கணம் தயங்கி நிற்கிறது. பழங்காலக் கிரேக்கரும் இதற்கு விலக்கல்லர். ஹோமரின் ‘ஒடிசி’ காப்பியத்தில் தலைவனுக்குப் பெயர் வந்த வரலாறு பத்தொன்பதாம் காண்டத்தில் விரிவாகச் சொல்லப்படுகிறது. பிறந்த குழந்தையைச் செவிலி யூரிக்ளியா பாட்டனாகிய ஆட்டோலிக்கசின் மடியில் கிடத்திப் பெயரிடுமாறு வேண்டுகிறாள். பலரோடும் பகை கொண்டு வாழ்ந்தவன் அம்முதியவன். ஆதலால் சினத்தைக் குறிக்கும் ஒரு வினைச்சொல்லிலிருந்தே பெயரை ஆக்கிக் குழந்தைக்குச் சூட்டுகிறான். ஒடிசியஸ் என்னும் பெயர் பிறந்த கதை அது.

அதே காண்டத்தில், அதே இரவில், அதே கூடத்தில் அவன் மனைவி பெனிலோப்பியும் அமர்ந்திருக்கிறாள். அவள் பெயர் எப்படி வந்தது, அதன் பொருள் யாது என்பது பற்றி ஹோமர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தலைவனின் பெயருக்கு வரலாறு உண்டு. தலைவியின் பெயருக்கு இல்லை. அவர் விட்டுச் சென்ற அந்த இடைவெளியை நிரப்பப் பிற்கால உரையாசிரியர்களும் மொழிநூலாரும் முயன்று கொண்டே இருக்கின்றனர். அவர்களுடைய விடைகள் இரண்டைக் குறித்தும், அவ்விடைகள் என் உள்ளத்தில் எழுப்பிய எண்ணங்களைக் குறித்தும் இம்மலரில் சில சொல்ல விழைகிறேன். கிரேக்க மொழிப் புலமை எனக்கில்லை. நான் ஓர் அரசு அலுவலக எழுத்தன். தரியாகஞ்சுச் சாலையோரத்தில் ஞாயிறுதோறும் பழைய புத்தகச் சந்தை கூடிய காலத்தில், 1946ல் வெளிவந்த ரியூவின் ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பின் மறுபதிப்பு ஒன்று எனக்குக் கிடைத்தது. தில்லி வாழ்க்கையில் என்னோடு நீண்ட நாள் பேருந்துப் பயணம் செய்த நூல் அது.

கதையை அறியாத அன்பர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். இதாக்காத் தீவின் அரசன் ஒடிசியஸ் திராய் நகரப் போருக்குச் சென்றான். போர் பத்து ஆண்டு நீடித்தது. கடலில் அலைந்து வீடு திரும்ப மேலும் பத்து ஆண்டு ஆயிற்று. அவன் இறந்தான் எனக் கருதி, அவன் மனைவியை மணக்க 108 பேர் அரண்மனையில் வந்து குந்தினர். அவன் ஆடுமாடுகளை அடித்துத் தின்றனர். அவன் மதுவைக் குடித்தனர். மறுத்துரைக்கப் படைவலியற்ற பெனிலோப்பி ஒரு வழி கண்டாள். முதியவராகிய மாமனார் லேயர்ட்டீசுக்கு ஈமத்துணி நெய்ய வேண்டும், அது முடிந்ததும் ஒருவனை மணப்பேன் என்றாள். பகலெல்லாம் நெய்தாள். இரவில் தீப்பந்த ஒளியில் நெய்ததைப் பிரித்தாள். மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. நான்காம் ஆண்டில் பணிப்பெண் ஒருத்தி காட்டிக்கொடுக்க, அவள் கையும் களவுமாகப் பிடிபட்டாள். இச்செய்தியை ஹோமர் காப்பியத்தில் மூன்று இடங்களில் மூவர் வாய்மொழியாகச் சொல்கிறார். இரண்டாம் காண்டத்தில் மணக்க வந்தவருள் ஒருவன் அதை அவள்மேல் குற்றமாகச் சொல்கிறான். பத்தொன்பதாம் காண்டத்தில் அவளே தன் துயரமாகச் சொல்கிறாள். இருபத்து நான்காம் காண்டத்தில் இறந்துபட்ட ஒருவனின் ஆவி சொல்கிறது.

இனிப் பெயருக்கு வருவோம். ‘பேனெலொப்ஸ்’ என்பது கிரேக்கத்தில் ஒருவகை நீர்ப்பறவையின் பெயர். வாத்து இனத்தைச் சார்ந்தது என்பர். பெனிலோப்பி என்னும் பெயர் அப்பறவையிலிருந்தே வந்தது என்பது ஒரு கொள்கை. இதற்குத் துணையாகப் பழைய உரைகாரர்கள் ஒரு கதையும் கூறினர். அவளுக்கு முதலில் வேறு பெயர் இருந்ததாம். குழந்தைப் பருவத்தில் பெற்றோர் அவளைக் கடலில் எறிந்துவிட, நீர்ப்பறவைகள் அவளைத் தாங்கிக் கரை சேர்த்தனவாம். அன்று முதல் அப்பறவையின் பெயரே அவள் பெயராயிற்றாம். காப்பியத்தில் இக்கதை இல்லை. ஆயினும் பத்தொன்பதாம் காண்டத்தில் அவள் ஒரு கனவைச் சொல்கிறாள். முற்றத்தில் இருபது வாத்துகள் கோதுமை தின்கின்றன. அவற்றைப் பார்த்து அவள் மகிழ்கிறாள். மலையிலிருந்து ஒரு கழுகு பாய்ந்து வந்து அவற்றின் கழுத்தை முறித்துக் கொன்றுவிட, கனவிலேயே அவள் அழுகிறாள்.

1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இயற்கைநூலறிஞர் லின்னேயஸ் உயிரினங்களுக்கு இலத்தீனப் பெயரிட்டபோது, வாத்து ஒன்றுக்கு ‘பெனிலோப்பி’ என்றே பெயர் வைத்தார். அந்த வாத்து குளிர்காலத்தில் வடக்கேயிருந்து நம் நாட்டுக்கு வலசை வருவது. ஆண் பறவையின் தலை செம்பழுப்பு நிறம். நெற்றி நடுவே மஞ்சள் நிறப் பட்டை ஒன்று ஏறியிருக்கும். தமிழில் அதை ‘நாமத்தலை வாத்து’ என்கிறார்கள். இதாக்காவின் அரசி நாமம் தரித்து நம் நீர்நிலைகளில் மிதக்கிறாள் என்று எண்ணினால் சிரிப்பும் வருகிறது, வியப்பும் வருகிறது. மார்கழி, தைப் பனியில் ஓக்லா அணைக்கருகே யமுனையில் நான் அவற்றைக் கண்டதுண்டு. ஆணும் பெண்ணுமாகக் கூட்டமாய் மேயும். சீழ்க்கை அடிப்பது போலக் குரல் கொடுக்கும். இன்றைய அறிஞர் பலரும் இப்பறவைக் கொள்கையையே ஏற்கின்றனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்றொரு கொள்கை நூலிலிருந்து தொடங்குகிறது. ‘பேனே’ என்பது நெசவில் குறுக்கே ஓடும் ஊடை நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். சிறப்பாக, குச்சியில் சுற்றி ஆயத்தமாக வைத்திருக்கும் ஊடை நூல் அது. அச்சொல்லோடு உரித்தல், பிரித்தல் என்னும் பொருள் தரும் வேர் ஒன்று சேர்ந்து ‘ஊடையைப் பிரிப்பவள்’ என்னும் பெயராயிற்று என்று முன்னோர் சிலர் பொருள் கொண்டனர். கதை முழுவதும் பெயருக்குள் அடங்கிவிடுவதால் இப்பொருள் பலருக்கும் இனித்தது. பெயரைப் பார்த்துக் கதை பிறந்ததோ, கதையைப் பார்த்துப் பெயருக்குப் பொருள் பிறந்ததோ, யார் அறிவார்?

இந்தப் ‘பேனே’ என்னும் சொல்லுக்கு ஆங்கில அகராதி தரும் விளக்கத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அது தார். நான் நெசவாளர் வீட்டில் பிறந்தவன். சேலத்தை அடுத்த ஒரு நெசவூரில், குழித்தறியின் ஓசையைக் கேட்டுக்கொண்டே எழுத்துப் பயின்றவன். தந்தையார் தறியில் இருப்பார். தாயார் திண்ணை ஓரத்தில் இராட்டையை வைத்துக்கொண்டு, சிட்டத்திலிருந்து நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பார். தார் இல்லையேல் நாடா ஓடாது. நாடா ஓடாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். நூல் இறுக்கமாகவும் இருத்தல் கூடாது, தளர்வாகவும் இருத்தல் கூடாது. விடியுமுன் எழுந்து அன்றைக்கு வேண்டிய தார்களைச் சுற்றிக் கூடையில் அடுக்கிய பின்னரே அவர் அடுப்புப் பற்றவைப்பார்.

ஹோமரும் தாரை அறிந்தவரே. ‘இலியட்’ காப்பியத்தின் இருபத்து மூன்றாம் காண்டத்தில் ஓட்டப்பந்தயம் ஒன்று நிகழ்கிறது. முன்னே ஓடுபவனுக்கு எவ்வளவு நெருக்கமாகப் பின்னவன் ஓடினான் என்பதற்குக் கவிஞர் ஓர் உவமை சொல்கிறார். பாவினூடே தாரை இழுக்கும்போது நெசவுக்கோல் ஒரு பெண்ணின் மார்புக்கு எவ்வளவு அருகில் வருமோ, அவ்வளவு அருகில் ஓடினானாம். அவ்வாறு பின்னே ஓடியவன் வேறு யாருமல்லன், ஒடிசியசே. போர்க்களத்தின் நடுவே, கணவனின் கால்களை அளக்கக் கவிஞர் எடுத்துக்கொண்ட அளவுகோல் பெண்ணின் தறி. தாருக்கு அங்கே அவர் ஆண்ட சொல், ‘பேனே’ என்பதன் கிளைச்சொல்லாகிய ‘பேனியோன்’.

அக்காலக் கிரேக்கத் தறி நம் குழித்தறியைப் போன்றதன்று. சுவரோரம் நிறுத்திய இரு மரக்கால்களின் குறுக்கே ஒரு கட்டை. அதிலிருந்து பாவு நூல்கள் தொங்கும். கீழே களிமண் எடைகள் கட்டியிருக்கும். நெய்பவள் நின்றுகொண்டு, இங்குமங்கும் நடந்து, மேலிருந்து கீழாக நெய்து வருவாள். துணி அகலமாயின் ஒவ்வோர் ஊடைக்கும் நடை உண்டு. ஆராய்ச்சியாளர்கள் பழைய வீடுகளை அகழும்போது மரத்தறி மக்கிப்போயிருக்கும். களிமண் எடைகள் மட்டும் தறி நின்ற இடத்தில் கிடக்கும்.

ஒருநாள் இரவு தொலைபேசியில் பேசும்போது, என் தாயாருக்குப் பெனிலோப்பியின் கதையைச் சொன்னேன். கற்பு, பொறுமை, அறிவு என்று கற்றவர்கள் வியப்பவற்றையெல்லாம் நானும் வியந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன் கண்ணு, பிரிச்ச நூலைத் தார் சுத்துனது யாரு?” என்றார். எனக்கு உடனே விடை வரவில்லை. அவரே தொடர்ந்தார்: “பிரிக்கிறது லேசு. பிரிச்சதைச் சிக்கில்லாமச் சுத்தி வெச்சாத்தானே காலையில மறுபடி நெய்ய முடியும்? ஒருத்தி நின்னு பிரிக்கோணும், இன்னொருத்தி உக்காந்து சுத்தோணும். அந்தம்மா தனியா செஞ்சிருக்க மாட்டா.”

அன்றிரவு நான் மீண்டும் ஒடிசியைப் புரட்டினேன். தாயார் சொன்னது காப்பியத்துக்கு முரணாக இல்லை. பணிப்பெண்ணே காட்டிக்கொடுத்தாள் என்று காப்பியம் சொல்கிறது. அப்படியானால், மூன்று ஆண்டுகள் பணிப்பெண்கள் வாய் திறக்கவில்லை என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. தீப்பந்தம் பிடித்தவர், பிரித்த நூலை ஏந்தியவர், விடிவதற்குள் சுற்றி முடித்தவர் என்று அவ்விரவுகளில் எத்தனை கைகள் இருந்திருக்கும்! தறிக்கு முன் நின்றவளுக்குப் புகழ் வந்தது. அகமெம்னானின் ஆவி, அவள் புகழ் என்றும் அழியாது, அவளுக்காகத் தேவர்களே பாட்டு அமைப்பர் என்று இருபத்து நான்காம் காண்டத்தில் போற்றுகிறது. தாரைச் சுற்றியவர்களைப் பற்றி எந்த ஆவியும் பேசவில்லை. அரண்மனையில் ஐம்பது பணிப்பெண்கள் இருந்தனர். அவர்களுள் பன்னிருவர் பகைவரோடு கூடினர் என்று ஒடிசியஸ் திரும்பியபின் ஒரே கயிற்றில் தூக்கிலிடப்பட்டனர். அப்பன்னிருவருள் பெயரோடு அறியத்தக்கவள் மெலாந்தோ ஒருத்தியே.

கவிஞர் பெயர் சொல்லாது விட்டதைக் கணக்கர்கள் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்தேன். ஹோமருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முந்திய அரண்மனைக் கணக்குகள் கிடைத்துள்ளன. 1939ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கார்ல் பிளேகன் கிரேக்கத்தின் பைலோசில் அகழ்ந்தபோது நூற்றுக்கணக்கான களிமண் ஏடுகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனை தீப்பற்றி எரிந்தது. அத்தீயே பச்சைக் களிமண் ஏடுகளைச் சுட்டுக் காப்பாற்றிவிட்டது. அவ்வெழுத்தைப் படிக்கும் வழியை 1952ல் கண்டவர் மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் கட்டடக் கலைஞர். படித்துப் பார்த்தால் அவற்றில் காப்பியம் இல்லை, கவிதை இல்லை. எல்லாம் அலுவலகக் கோப்புகளே. இத்தனை ஆடு, இத்தனை எடை கம்பளி, இத்தனை ஆள், இத்தனை படி கோதுமை என்னும் பட்டியல்கள். அவற்றை எழுதிய எழுத்தர்கள் என் தொழில் முன்னோர்கள் என்று எண்ணி ஒரு கணம் பெருமை கொண்டேன். அப்பெருமை நெடுநேரம் நிற்கவில்லை.

பைலோஸ் ஏடுகளில் பெண்தொழிலாளர் பட்டியல்கள் உண்டு. நூல் நூற்போர், கம்பளி சிக்கெடுப்போர், தறியில் நெய்வோர் என்று தொழிலாலும், மிலேட்டஸ் ஊரார், நீடஸ் ஊரார், லெம்னோஸ் தீவினர் என்று பிறந்த இடத்தாலும் அவர்கள் குழுக்களாக எழுதப்பட்டுள்ளனர். பெண்கள் இத்தனை பேர், சிறுமியர் இத்தனை பேர், சிறுவர் இத்தனை பேர். அவர்களுக்கு அளக்க வேண்டிய கோதுமை இவ்வளவு, அத்திப்பழம் இவ்வளவு. தனிப்பெயர் இல்லை. கிரீட் தீவின் நாசசில் கிடைத்த ஏடுகளிலோ உழவு எருதுகளின் பெயர்கள்கூட எழுதப்பட்டுள்ளன! வெள்ளைக்காலன், கறுப்பன், புள்ளிநிறத்தான் என்று நம்மூர் உழவர் அழைப்பது போன்ற செல்லப்பெயர்கள் அவை. ஏர் இழுத்த எருதின் பெயர் மூவாயிரத்திருநூறு ஆண்டுகளைக் கடந்து நமக்குக் கிடைத்திருக்க, பைலோசில் நூல் இழுத்த பெண் ஓர் எண்ணாக மட்டும் கிடைக்கிறாள்.

ஏட்டில் பெயர் இல்லாமையின் பொருளை எழுத்தனைவிட நன்கறிந்தவர் யார்? குடும்ப ஓய்வூதியம் கோரி வரும் கைம்பெண்களின் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வருவதுண்டு. நாற்பது ஆண்டு ஒருவரோடு வாழ்ந்தவளின் பெயர் பணிப்பதிவேட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அவள் தான் அவளே என்று மெய்ப்பிக்க அலைய வேண்டியிருக்கிறது. ஏடு முதலில் கேட்பது பெயரை. வாழ்ந்த வாழ்க்கையை அது கேட்பதில்லை.

என் தாயாருக்கும் அது நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நெசவாளர் என்று தம் பெயரிலும் ஓர் அட்டை வேண்டும் என்று அவர் ஓர் அலுவலகத்தில் கேட்டார். “நீங்க தறியில உக்காந்து நெய்யறதுண்டா அம்மா?” என்று கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாதவர். “நெய்யறது அவருங்க. நான் தார் சுத்துவேன், பாவு பிணைப்பேன், கஞ்சி போடுவேன்” என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஏட்டில் பெயர் எழுத வழியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டனர். ஐம்பது ஆண்டு உழைப்பை ஒரே கேள்வி அளந்து முடித்துவிட்டது. வீடு திரும்பிய அவர் அதைப்பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை இராட்டையைத் தொடவில்லை என்று தந்தையார் என்னிடம் சொன்னார்.

2019–20ல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். நெய்வோர் வேறு, தார் சுற்றுதல் போன்றவற்றைச் செய்யும் சார்புத் தொழிலாளர் வேறு என்று அக்கணக்கெடுப்பு பிரித்துக் காட்டுகிறது. எண்ணிலேனும் இடம் கிடைத்தது நன்றே. ஆயினும் ‘சார்பு’ என்னும் சொல்லை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாரைச் சார்ந்து தறி நிற்கிறதா, தறியைச் சார்ந்து தார் நிற்கிறதா?

நம் அகப்பாட்டிலும் தலைவிக்குப் பெயர் இல்லை. ஐந்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பிய மரபு. பிரிந்தவனை எண்ணி முல்லைநிலத்தில் ஆற்றியிருப்பவளும் ‘தலைவி’ மட்டுமே. ஆனால் அது வேறு, இது வேறு. அங்கே பெயர் நீக்கப்பட்டது, அவ்வுணர்வு எல்லாப் பெண்களுக்கும் உரியதாக வேண்டும் என்பதற்காக. ஏட்டில் பெயர் விடுபட்டது, அவள் எவளாயினும் ஒன்றுதான் என்பதற்காக. முன்னது மதிப்பு, பின்னது மறதி.

இவ்வாறு எண்ணிப் பார்க்கையில், பெனிலோப்பி என்னும் பெயரின் பொருளாராய்ச்சி எனக்கு வேறு முகம் காட்டுகிறது. மொழிநூல் பறவையின் பக்கம் சாயட்டும். நான் அதை மறுக்க வல்லவனல்லேன். ஆயினும் அப்பெயரில் தாரைக் கேட்ட பழைய கிரேக்கர்களின் செவி பொய்க்கவில்லை என்று தோன்றுகிறது. பிரித்தலைவிடக் கடினமானது, பிரித்ததைப் பாழாகாமல் சுற்றி வைப்பது. கணவனின்றிக் கழிந்த இருபது ஆண்டுகளை அவள் அப்படித்தான் சுற்றி வைத்தாள். நாளைக்கு வேண்டும் என்னும் நம்பிக்கை இல்லாதவர் எவரும் நூலைச் சுற்றுவதில்லை, அறுத்து எறிந்துவிடுவர். அந்த ஈமத்துணி இறுதியில் முடிக்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவள் அதை வெளுத்துக் காட்டியபோது ஞாயிறு போலவும் திங்கள் போலவும் ஒளிர்ந்தது என்று இருபத்து நான்காம் காண்டம் சொல்கிறது. அத்தனை முறை பிரித்துச் சுற்றிய நூல் அவ்வளவு ஒளிர்ந்ததென்றால், சுற்றிய கைகளின் பக்குவத்தை நாம் உணரலாம்.

மலருக்கு இக்கட்டுரை எழுதுவதைத் தாயாரிடம் சொல்லி, அவர் பெயரையும் இதில் குறிக்கட்டுமா என்று கேட்டேன். ஏட்டில் ஏறாத பெயர் அச்சிலாவது ஏறட்டுமே என்பது என் ஆசை. அவர் சிரித்தார். “என் பேரு எதுக்குக் கண்ணு? தார் சுத்துனவன்னு போடு, போதும்” என்றார். அவர் சொன்னவாறே போட்டிருக்கிறேன். பெனிலோப்பி என்பதற்கு அதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை.